ஏழு நாள், ஒரு ஆர்வி, ஐந்து பேர்: மிச்சிகன் அப்பர் பெனின்சுலா திட்டம் சரியா?

நெய்தல்:
எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறோம். டெட்ராய்ட் பக்கம் ஒரு ஆர்வியை (படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மெக்கினா பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மிச்சிகனின் வடக்குப் பகுதியான அப்பர் பெனின்சுலா போவதாக முடிவு. நான், கணவர், 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார். எங்களில் யாரும் இதுவரை ஆர்வி ஓட்டியதில்லை.

கணவர் போட்ட திட்டம் இது: முதல் நாளே மெக்கினா பாலம் தாண்டி, கப்பல்களை ஏற்றி இறக்குகிற ஸூ லாக்ஸ் மதகுகள். அப்புறம் டக்வாமினன் அருவி, பிக்சர்டு ராக்ஸ் என்கிற வண்ணப் பாறைக் கரை, மார்கெட் (Marquette) ஊர், காப்பர் ஹார்பர், திரும்பும் வழியில் மானிஸ்டீக். ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு முகாம். மேப்பில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. இது பிப்ரவரி, இன்னும் நாள் இருக்கிறதே என்றுதான் இப்போதே கேட்கிறேன். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வண்டிக்காரன்:
உங்கள் வயிறு சொல்வதைக் கேளுங்கள் சகோதரி. நான் ஐந்து தடவை ஆர்வியில் அங்கே போயிருக்கிறேன். முதல் தடவை என் கையிலும் இதே மாதிரி ஒரு திட்டம்தான் இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் வண்டிக்குள் யாரும் யாரோடும் பேசவில்லை.

கார் என்றால் சாவியைத் திருப்பினோம், கிளம்பினோம். ஆர்வி அப்படி இல்லை. தண்ணீர்க் குழாயைக் கழற்ற வேண்டும், கரண்ட் வயரைச் சுற்ற வேண்டும், மேஜை மேல் இருப்பதையெல்லாம் அலமாரிக்குள் திணிக்க வேண்டும், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய வரிசையில் நிற்க வேண்டும். பழகிய எனக்கே ஒரு மணி நேரம் ஆகும். போய்ச் சேர்ந்த இடத்தில், சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து மட்டம் பார்ப்பதிலிருந்து எல்லாம் மறுபடியும். நடுவில் ஒருத்தர் பிரிட்ஜ் கதவின் கொக்கியை மறந்தால் போதும். எங்கள் வண்டியில் ஒரு வளைவில் கதவு திறந்து ஒரு டஜன் முட்டையும் தரையில். துடைத்துத் துடைத்து அலுத்துவிட்டோம், வாடை மட்டும் ஊர் திரும்பும்வரை கூடவே வந்தது.

நான் சொல்வது ஒன்றுதான். ஆர்வியை ஒரே இடத்தில் போடுங்கள், உங்கள் காரையும் கூட ஓட்டி வாருங்கள். கணவர் ஆர்வி, நீங்கள் மாமியாரோடு கார். பெட்ரோல் செலவு கூடும், ஆனால் தினமும் மூட்டை கட்டுகிற வேலை இல்லை.

இடம்? மானிஸ்டீக் பக்கத்தில் இந்தியன் லேக் ஸ்டேட் பார்க். மின்சார வசதி உண்டு. ஏரி பெரியதுதான், ஆனால் பெரும்பகுதி 15 அடி ஆழம்கூட இருக்காது. அதனால் வடக்கே இருக்கிற சுப்பீரியர் ஏரி அளவுக்குச் சில்லிடாது, பிள்ளைகள் இறங்கி விளையாடலாம். சுப்பீரியர் 406 மீட்டர் வரை ஆழம் போகிற ஏரி, ஆகஸ்டிலும் கால் விறைத்துவிடும். அங்கே கரையில் கல் பொறுக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து காரில் சில நிமிடத்தில் கிட்ச்-இடி-கிபி ஊற்று. உங்கள் மாமியாருக்காகவே சொல்கிறேன், பாதை தார் போட்டது, படி ஏற வேண்டியதில்லை. 40 அடி ஆழம், அடி மணல் வரைக்கும் தெரியும். நிமிடத்துக்கு 10,000 கேலனுக்கு மேல் தண்ணீர் கீழிருந்து பொங்குகிறது. மணல் கொதிக்கிற மாதிரி புரண்டுகொண்டே இருக்கும், ஆனால் தண்ணீர் வருஷம் முழுவதும் 45 டிகிரி ஃபாரன்ஹீட். ஒரு மிதவையில் ஏற்றுவார்கள், மோட்டார் கிடையாது. கம்பியைப் பிடித்த ஒரு பெரிய சக்கரத்தைப் பயணிகளே சுற்றி நடுவுக்குப் போக வேண்டும். என் பையன் அந்தச் சக்கரத்தை யாருக்கும் விட்டுத்தரவில்லை. என் அம்மா ஓரத்துக் கைப்பிடிமேல் குனிந்து, கீழே போகிற டிரவுட் மீன்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். மிதவை கரைக்கு வந்தது அவருக்குத் தெரியவே இல்லை. காலையில் சீக்கிரம் போங்கள், அப்புறம் வரிசை நீளும்.

பிக்சர்டு ராக்ஸுக்கு மியூனிசிங் போக வேண்டும், ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே நடப்பதைவிடப் படகுதான் சரி. பாறையில் ஒழுகுகிற தண்ணீரில் இரும்பு இருந்தால் சிவப்பு, செம்பு இருந்தால் பச்சையும் நீலமும், மாங்கனீசு இருந்தால் கறுப்பு. அது மேலே நின்று பார்த்தால் தெரியாது. டக்வாமினனைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் அருவிக்குச் சமமான பாதை உண்டு, விளிம்பு வரை இறங்குகிற 94 படியை மாமியாருக்கு வேண்டாம் என்று விட்டுவிடலாம். தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். அழுக்கு இல்லை, சதுப்பு நிலத்து மரங்களின் சாயம்.

காப்பர் ஹார்பரை மறந்துவிடுங்கள். மியூனிசிங்கிலிருந்தே கிட்டத்தட்ட நாலு மணி நேரம்.

பனிக்குருவி:
அண்ணன் சொன்னதோடு இன்னும் கொஞ்சம். மிச்சிகன் ஸ்டேட் பார்க்குகளில் ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு திறந்துவிடும். ஆகஸ்ட் கடைசி என்றால் லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறை) கூட்டமும் சேரும், அதனால் இந்த மாதமே உட்கார்ந்து போடுங்கள். பார்க்குக்குள் வண்டி நுழைய வேண்டிய பாஸான ரெக்ரியேஷன் பாஸ்போர்ட் வண்டியின் நம்பர் பிளேட்டுக்கு உரியது. வாடகை ஆர்விக்கு வெளிமாநிலப் பிளேட் இருந்தால், உங்கள் காருக்கு இருக்கும் பாஸ் அதற்குச் செல்லாது. நாங்கள் வாசலில்தான் தெரிந்துகொண்டோம்.

விறகு வீட்டிலிருந்து கொண்டு போகாதீர்கள். டெட்ராய்ட் பக்கம் 2002இல் கண்டுபிடித்த, ஆஷ் மரங்களைக் கொல்கிற எமரால்டு ஆஷ் போரர் வண்டு விறகோடு பயணம் செய்துதான் ஊரெல்லாம் பரவியது. முகாமுக்கு அருகிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

கொசு ஜூன், ஜூலை அளவுக்கு இருக்காது. ஆனால் தெற்குக் காற்று அடித்தால் சுப்பீரியர் கரையில் ஒரு ஈ வரும், கணுக்காலைத் தேடிக் கடிக்கும். கொசு மருந்தை அது சட்டை செய்யாது. நீளமான சாக்ஸ் போதும்.

நெய்தல்:
ரொம்ப நன்றி. கார் யோசனையைக் கணவரிடம் சொன்னேன். "அப்போ மார்கெட் ஊர்?" என்றார். அவ்வளவுதான், சண்டை இல்லை. இரண்டு சந்தேகம். பாலத்தில் இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டலாமா? அப்புறம் அந்தக் கழிவுத் தொட்டி... யார் செய்வது, எப்படிச் செய்வது?

வண்டிக்காரன்:
பாலம் 1957இலிருந்து இருக்கிறது, லாரியெல்லாம் போகிறது, பயப்படாதீர்கள். ஐந்து மைல். வலது ஓரத்திலேயே போங்கள். உட்பக்கத் தடம் இரும்புச் சல்லடை மாதிரி, கீழே தண்ணீர் தெரியும், டயர் ஒரு மாதிரி ரீங்காரமிடும். முதல் முறை ஓட்டுகிறவருக்கு அது வேண்டாம். காற்று பலமாக இருந்தால் உயரமான வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்வார்கள், ரொம்ப அடித்தால் முன்னால் ஒரு வண்டி விட்டுக் கூட்டிப்போவார்கள். கட்டணம் சக்கர அச்சு ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு.

தொட்டி யார் வேலை என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள், அங்கே போய்ப் பேசாதீர்கள். கையுறை அவசியம். முதலில் கழிப்பறைத் தொட்டி, அப்புறம் குளியல் தண்ணீர்த் தொட்டி. பின்னால் வருகிற சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். நிற்கிற இடத்தில் கழிப்பறைத் தொட்டியின் அடைப்பைத் திறந்தே விட்டுவிடாதீர்கள். தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது காய்ந்து கெட்டியாகும். இதற்குமேல் வர்ணிக்க வேண்டாம்.

வண்டிப் பக்கத்தில் நிழலுக்கு விரிக்கிற சாய்ப்புத் துணியை ராத்திரி மடக்காமல் தூங்காதீர்கள். ஏரிக்காற்று சொல்லிக்கொண்டு வராது. ஒரு தடவை எங்கள் சாய்ப்பின் கை வளைந்துபோனது. வாடகைக்குக் கொடுத்தவர்கள் முன்பணம் முழுவதையும் வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு முன்பே இருந்த துருவுக்கும் வளைவுக்கும் சேர்த்துத்தான் பிடித்தார்கள் என்று இன்றைக்கும் சந்தேகம். வண்டியை எடுக்கும்போது சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்துவிடுங்கள், கூரையையும் விடாமல்.

நெய்தல்:
தொட்டி கணவருக்கு, சாய்ப்பு எனக்கு, கொக்கி பெரியவனுக்கு என்று பிரித்தாயிற்று. இந்தியன் லேக்கில் ஐந்து இரவு, கடைசி இரவு பாலத்துக்கு இந்தப் பக்கம். பதிவு திறக்கிற நாளுக்கு போனில் அலாரம் வைத்திருக்கிறேன். மாமியார் மட்டும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார், அந்த மிதவையில் உட்கார இடம் இருக்குமா என்று.

வண்டிக்காரன்:
ஓரத்தில் நின்றால்தான் மீன் தெரியும் என்று சொல்லுங்கள். முட்டி வலி மறந்துவிடும்.