புதுப்பிப்பு: ஊட்டிக்கு 3 எச்.பி. கம்ப்ரஸரா, 2 எச்.பி.யா?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: விலை ஏறக்குறைய ஒன்று, ஊட்டியில் ஓட்ட 3 எச்.பி. (குதிரைத்திறன்) டைரக்ட் டிரைவ் (மோட்டாரோடு நேராக இணைந்த) ஏர் கம்ப்ரஸரா, 2 எச்.பி. பெல்ட் டிரைவா (பெல்ட் வழியே சுற்றுவது)? பெல்ட் டிரைவே வாங்கியாயிற்று.

முடிவு செய்ய உதவியது “ஸ்டிக்கரை விடுங்க, நேம் பிளேட்டில் ஆம்ப்ஸைப் பாருங்க” என்ற யோசனை (நேம் பிளேட் என்பது மோட்டாரின் விவரத் தகடு, ஆம்ப்ஸ் அது இழுக்கும் மின்னோட்டம்). 3 எச்.பி. என்றால் மோட்டார் தரவேண்டியது 2,238 வாட். அதன் பிளேட்டிலோ 230 வோல்ட், 7 ஆம்ப்ஸ். பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் பெருக்கியதில் உண்மையில் வாட்டாகும் பங்கு) அதிகபட்சமான 1 என்றே வைத்தாலும் உள்ளே போவதே 1,610 வாட்தான். போடுவதைவிட அதிகமாக எடுக்க எந்த மோட்டாராலும் முடியாது! 2 எச்.பி. பிளேட்டில் 1.5 கிலோவாட், 9.5 ஆம்ப்ஸ், கணக்கு ஒத்துப்போகிறது.

அடுத்தது காற்று. பிளேட்டில் உள்ள 8 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) பிஸ்டன் இழுக்கும் அளவு, வெளியே வருவதல்ல. 100 லிட்டர் டேங்கின் அழுத்தம் 4 பாரிலிருந்து 6 பாருக்கு ஏற 90 விநாடி. அதாவது கடல்மட்டக் காற்றுக் கணக்கில் நிமிடத்துக்குச் சுமார் 133 லிட்டர், 4.7 சி.எஃப்.எம். ஊட்டியின் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட கால்வாசி அளவு குறைந்துவிடுகிறது; கோயம்புத்தூர் கடைக்காரர் சொல்லும் அளவு இங்கே வராது. சின்ன ஸ்ப்ரே கன்னுக்கு இது போதும்.

எதிர்பாராதது பனிக்காலக் காலை. எண்ணெய் கெட்டியாகி, மோட்டார் உறுமிவிட்டு ஓவர்லோடு டிரிப் ஆனது (பாரம் தாங்காமல் பாதுகாப்பு சுவிட்ச் அணைந்தது). மேனுவல் அனுமதித்தபடி வி.ஜி. 100 எண்ணெய்க்குப் பதில் இன்னும் இளகிய வி.ஜி. 68 ஊற்றி (வி.ஜி. என்பது எண்ணெயின் கெட்டித்தன்மை எண்), டேங்கின் டிரெய்ன் வால்வைத் திறந்துவைத்து, அழுத்தம் ஏறாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டால் சரியாகிறது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம், 2.5 சதுர மி.மீ. தனி லைன், 16 ஆம்ப்ஸ் பிளக்.