தொண்டை கேன்சருக்கு அப்புறம் பேச்சும் சாப்பாடும்: யாருக்காவது அனுபவம் இருக்கா?

யீஷூன் மலர்:
வணக்கம். அப்பாவுக்கு போன வருஷம் குரல்வளைய முழுசா எடுத்துட்டாங்க, அப்புறம் ரேடியேஷன். கழுத்துல இருக்க ஓட்டை வழியாத்தான் மூச்சு, பேச வேண்டியதெல்லாம் எழுதித்தான் காட்டுறாரு, இப்ப கஞ்சி கூட தொண்டையில நின்னுடுது. டாக்டர் திரும்ப பேசுறதுக்கு ஒரு வால்வு வைக்கலாம்னு சொல்றாரு, அப்பா திரும்பவும் ஆபரேஷனான்னு பயப்படுறாரு.

தேக்கா குமார்:
பயப்பட வேணாம் தங்கச்சி, எங்க மாமாவுக்கு வச்சிருக்கு. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவுல சின்ன துளை போட்டு சிலிக்கான் வால்வு வைப்பாங்க, 1980 வாக்குல அமெரிக்காவுல புளோம், சிங்கர்னு ரெண்டு பேரு கொண்டுவந்த முறை. கழுத்து ஓட்டைய விரலால மூடிட்டு மூச்ச விட்டா காத்து உணவுக்குழாய்க்குள்ள போயி அங்க சதை அதிர்ந்து குரல் வரும், கரகரப்பாத்தான் இருக்கும் ஆனா மாமா போன்லயே பேசுறாரு!! வால்வு சில மாசத்துல தேஞ்சுடும், தண்ணி குடிக்கும்போது இருமினா கசியுதுன்னு அர்த்தம், கிளினிக்லயே மாத்திடுவாங்க.

சுதா:
நான் ஸ்பீச் தெரபிஸ்ட். மலர், முதல்ல முழுங்குற பிரச்சனைய பாக்க சொல்லுங்க. ரேடியேஷனால உணவுக்குழாய் சுருங்கியிருக்கலாம், எக்ஸ்ரேல தெரியுற பேரியம் கரைசல குடிக்க வச்சு படம் எடுத்தா தெரியும், திரும்ப கட்டி வரலைன்னும் பாத்துக்கணும். சுருக்கம்தான்னா வாய் வழியா எண்டோஸ்கோப்ங்கிற கேமரா குழாய விட்டு பலூனால விரிப்பாங்க, வெளிய வெட்டு இல்ல, பல பேரு அன்னைக்கே வீட்டுக்கு போயிடுவாங்க, ஆனா மறுபடி சுருங்கி திரும்ப செய்ய வேண்டி வரலாம். அத சரி பண்ணாம வால்வு வச்சா குரலும் சரியா வராது.

யீஷூன் மலர்:
ரொம்ப நன்றி அண்ணே, நன்றி சுதாக்கா. இங்க சிங்கப்பூர்ல மருத்துவச் செலவுக்குன்னு சேக்குற மெடிசேவ் பணத்த இதுக்கு எடுக்கலாமா?

தேக்கா குமார்:
அன்னைக்கே வீட்டுக்கு போயிடுற டே சர்ஜரிக்கு எடுக்கலாம், வரம்பு இருக்கு. ஆஸ்பத்திரி மெடிக்கல் சோஷியல் வொர்க்கர்ட்ட கேளுங்க, வால்வு மாத்துற செலவையும் சேத்து கேட்டுடுங்க.