மனப்பாட நிரல்களும் வகுப்பறையும்: ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

மேல்நிலைப்பள்ளிக் கணினி ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டம்:

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைச் செய்முறைத் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்த ஒரு மாலையில் நடந்ததை எழுதுகிறேன். கொடுத்த எண்ணின் ஃபேக்டோரியலை, அதாவது ஒன்று முதல் அந்த எண் வரையுள்ள எண்களின் பெருக்கலை, கணக்கிடும் நிரலைப் பைத்தான் என்னும் கணினி மொழியில் ஒரு மாணவி ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாமல் சில நிமிடங்களில் தட்டச்சு செய்து இயக்கிக் காட்டினார். "பெருக்கலுக்குப் பதிலாக ஒன்று முதல் ஐந்து வரை கூட்டிக் காட்டு" என்றேன். "சார், அது ரெக்கார்டு நோட்டில் இல்லையே" என்றார். சற்று யோசித்துப் பெருக்கல் குறியைக் கூட்டல் குறியாக மாற்றினார். திரையில் 16 வந்தது. 15 அல்லவா வர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தக் கூடுதல் ஒன்று எங்கிருந்து வந்தது என்று தேட அவருக்கு வழி தெரியவில்லை. பெருக்கலுக்கு 1 என்று வைத்த தொடக்க மதிப்பைக் கூட்டலுக்கு 0 என்று மாற்ற வேண்டும் என்பதை மனப்பாடம் எப்படிச் சொல்லிக்கொடுக்கும்?

அவர் மீது குறை இல்லை. எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10 என்று மதிப்பெண் பிரிந்திருக்க, செய்முறையில் வரப்போகும் நிரல்கள் முன்கூட்டியே பாடநூலில் அச்சாகியிருக்கும்போது, மனப்பாடம் செய்வதுதான் கெட்டிக்காரத்தனம் என்று பிள்ளைகள் முடிவு செய்வது இயல்பே. ஆண்டு முழுவதும் அதற்கு இடம் கொடுத்தவன் நான்.

அன்றிலிருந்து எந்த நிரலையும் இயக்குவதற்கு முன் அதன் விடையை நோட்டில் எழுத வைக்கிறேன். ஒவ்வொரு மாறிக்கும் (மதிப்பை வைக்கும் பெயரிட்ட பெட்டிக்கும்) ஒரு கட்டம் வரைந்து, மடக்கின் (திரும்பத் திரும்ப இயங்கும் வரிகளின்) ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பு எப்படி மாறுகிறது என்று பென்சிலால் குறிக்கிறார்கள். ஒரு வகுப்பில் 'எண் = எண் + 1' என்று கரும்பலகையில் எழுதியபோது ஒரு மாணவன் எழுந்து, "கணக்குப் பாடத்தில் இது தவறு சார்" என்றான். அவன் சொன்னது முற்றிலும் சரி. பல ஆண்டுகளாகச் சமக்குறி என்றால் இருபுறமும் சமம் என்று படித்தவனிடம், வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கப் பெட்டியில் வைப்பதற்கும் அதே குறிதான் என்பதை நான் அதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், அந்த வரியை அப்படியே தட்டச்சு செய்து இயக்கினோம். தமிழ்வழிப் பிள்ளைகள் அன்று கேட்ட கேள்விகள் அதுவரை ஒரு பருவம் முழுவதும் கேட்டவற்றைவிட அதிகம்.

இன்னொன்று: திரையில் பிழைச் செய்தி வந்தவுடன் "சார்" என்று கூப்பிடுவதை நிறுத்தி, அதன் கடைசி வரியை முதலில் உரக்கப் படிக்கச் சொல்கிறேன். பிழையின் வகை அங்கேதான் இருக்கிறது. எந்த வரியில் நேர்ந்தது என்பது அதற்குச் சற்று மேலே இருக்கிறது. படித்த பிறகும் புரியாவிட்டால்தான் நான் போவேன்.

உதவிப் பேராசிரியர், பொறியியல் கல்லூரி:

மேலே ஆசிரியர் எழுதிய அதே மாணவிதான் மறு ஆண்டு எங்கள் முதலாம் ஆண்டு ஆய்வகத்தில் வந்து உட்காருகிறார். இது நம் ஊரின் குறை மட்டும் அன்று. 2001-இல் நான்கு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 216 மாணவர்களை வைத்து மெக்ராக்கன் குழுவினர் செய்த ஆய்வில், அறிமுக நிரலாக்கப் பாடத்தை முடித்தவர்களின் சராசரி 110-க்கு ஏறத்தாழ 23 மதிப்பெண்தான்.

நான் நெடுங்காலம் முன்பே எழுதிச் சரிபார்த்த நிரலைத்தான் புரொஜெக்டரில் காட்டி வந்தேன். ஒருநாள் கோப்பு திறக்கவில்லை. வகுப்பின் முன்னாலேயே சி மொழியில் புதிதாக எழுத நேர்ந்தது. அணியின் (வரிசையாக வைத்த மதிப்புகளின் தொகுப்பின்) எல்லையைத் தாண்டி ஓரிடம் படித்துவிட்டேன்; பொருளற்ற ஓர் எண் அச்சானது. அதைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று, வகுப்பே சேர்ந்து தேடியது. ஆசிரியரும் தவறுவார், தவறைத் தேட ஒரு முறை உண்டு என்பதை அவர்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். இப்போது வேண்டுமென்றே வெறும் திரையிலிருந்துதான் தொடங்குகிறேன். நிரலின் வரிகளைத் துண்டுச் சீட்டுகளாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்வதும் உண்டு. பார்சன்ஸ் புதிர் என்று பெயர் பெற்ற இம்முறை, தொடரியல் (மொழியின் எழுத்து விதிகள்) பயத்தால் வாயே திறக்காத மாணவர்களைப் பேச வைக்கிறது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் முழு நிரலையும் எழுதித் தரும் இக்காலத்தில், ஒப்படைப்பை மட்டும் பார்த்து மதிப்பெண் இடுவதை நான் விட்டுவிட்டேன். மாணவரை அருகில் அமர்த்தி, அவருடைய நிரலிலேயே ஒரு வரியை மாற்றி, இப்போது என்ன விடை வரும் என்று கேட்கிறேன். அறுபது பேருக்கு இதைச் செய்ய இரண்டு வாரம் ஆகிறது. துறையில் இதற்கு நேரம் ஒதுக்கச் சொல்லி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நடுநிலைப்பள்ளி ஆசிரியை:

எங்கள் பள்ளியில் இயங்கும் கணினி இரண்டே. எனவே நியூசிலாந்தின் டிம் பெல் முதலியோர் உருவாக்கிய, கணினி இல்லாமலே கணினியியல் கற்பிக்கும் பயிற்சிகளைப் பயன்படுத்துகிறேன். கணினி எண்களை 0, 1 மட்டும் கொண்டு குறிப்பதைக் காட்ட, 16, 8, 4, 2, 1 எனப் புள்ளிகள் வரைந்த ஐந்து அட்டைகளை ஐந்து பிள்ளைகள் வரிசையாகப் பிடித்து நிற்பார்கள். 19 என்றால் 16, 2, 1 மட்டும் புள்ளிகளைக் காட்ட, மற்றவை திரும்பிக்கொள்ளும். ஐந்தையும் காட்டி 31 வரை வந்த பிறகு, "32 வேண்டுமென்றால்?" என்று கேட்டேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி, நான் அழைக்காமலே எழுந்து வந்து, 16-ஐப் பிடித்திருந்தவனின் பக்கத்தில் போய் நின்றாள். கையில் அட்டை இல்லை. இனிமேல்தான் வரைய வேண்டும் என்றாள்.