1982க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு மட்டும் ஒரு நாள் குறைந்த கதை

லயத்துப் பையன்:
சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு உறுப்பினர் பட்டியல் ஒன்றை ஜாவா நிரல்மொழியில் செய்து கொடுத்தேன். காசெல்லாம் இல்லை, திருவிழாச் சாப்பாடுதான் கூலி. பழைய பட்டியலை ஏற்றிய மறு வாரமே, முன்பு கிராணியாக (தோட்டத்து எழுத்தராக) இருந்த தாத்தா அச்செடுத்த தாளோடு வீட்டு வாசலில் நின்றார். "தம்பி, நான் பிறந்தது 14ஆம் தேதி, நீ 13 போட்டிருக்கே. ஐசி (அடையாள அட்டை) நம்பர்ல முதல் ஆறு நம்பரே பிறந்த தேதிதானே, அதைக்கூடப் பார்க்க மாட்டியா?" தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்திக் கொடுத்தேன். மறுநாள் இன்னும் நான்கு பேர். எல்லாருமே வயதானவர்கள். பேரப்பிள்ளைகளின் தேதியில் ஒரு குறையும் இல்லை.

இரண்டு இரவு மண்டை காய்ந்தது. கடைசியில் ஜேஷெல்லைத் திறந்து (ஜாவா வரிகளை அப்படியே தட்டி ஓட்டிப் பார்க்கும் கருவி, ஜாவா 9 முதல் கூடவே வருகிறது, ஒரு வரியைச் சோதிக்க முழு புராஜெக்டையும் ஓட்டிக்கொண்டிருந்த ஆள்தான் நானும்) ஒவ்வோர் ஆண்டாகக் கொடுத்துப் பார்த்தேன். 1982 சரி. 1981 கொடுத்தால் ஒரு நாள் பின்னால். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்றுதான் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி, சபா சரவாக்கோடு சேர்ந்து எட்டு மணிக் கணக்குக்கு வந்தது. அதற்கு முன் கிரீன்விச்சைவிட ஏழரை மணிதான் கூடுதல். பழைய பட்டியலை வைத்திருந்த நிரல் பிறந்த தேதியையெல்லாம் நள்ளிரவு என்று வைத்து, எந்த ஆண்டானாலும் எட்டு மணிக் கணக்கிலேயே சேமித்திருந்தது. நான் கோலாலம்பூர் நேர மண்டலத்தில் படித்தேன். ஜாவாவுக்கு அந்தப் பழைய ஏழரை மணி தெரியும், அதனால் முந்தைய நாள் இரவு 11.30 என்று எடுத்து, தேதியை மட்டும் காட்டிவிட்டது. அதன்மேல் தப்பே இல்லை!

பழையதை எட்டு மணிக் கணக்கிலேயே படித்து லோக்கல்டேட் வகைக்கு மாற்றி வைத்தேன், முடிந்தது. 2014இல் ஜாவா 8 உடன் வந்தது அது, அதில் மணியும் இல்லை மண்டலமும் இல்லை. பிறந்த தேதிக்கு இன்னும் பழைய டேட் வகையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் விட்டுவிடுங்கள்.

ஈப்போ அக்கா:
உங்களுக்குத் தாத்தாக்கள், என் நிரலில் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் அதே கதை தம்பி. படிவத்தில் தேர்ந்த தேதியை ஜாவாஸ்கிரிப்டில் டூஐஎஸ்ஓஸ்டிரிங் போட்டு முதல் பத்து எழுத்தை வெட்டி அனுப்பினேன். அது உலக நேரத்துக்கு மாற்றிவிடும், நம் நள்ளிரவு அங்கே முந்தைய நாள் மாலை 4 மணி. சர்வர் பக்கம் வேலை செய்த பையனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். குரோம் உலாவியின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து, சர்வருக்குப் போகிற ஜேசன் தரவைப் பார்த்தால் என் பக்கமிருந்தே தப்பாகப் போகிறது. அவனுக்கு ஒரு தே தாரே (ஆற்றிய டீ) வாங்கிக் கொடுத்தேன். அப்புறம், அதே கருவிகளில் சென்சார்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஊரை மாற்றினால் நேர மண்டலமும் மாறும், பலருக்குத் தெரிவதில்லை.

செம்பனைக்காரன்:
ஐசி என்றதும் என் அவமானம் ஞாபகம் வந்தது. 12 இலக்கமும் எண்தானே என்று லாங் என்ற முழு எண் வகையில் வைத்தேன். 2000இல் பிறந்த பிள்ளையின் ஐசி பூஜ்ஜியத்தில் தொடங்கும் என்று யோசிக்கவே இல்லை, முன்னால் இருந்த பூஜ்ஜியமெல்லாம் போய்விட்டது. கூட்டிக் கழிக்காத எதையும் இப்போது ஸ்டிரிங்காகத்தான் (எழுத்துச் சரமாகத்தான்) வைக்கிறேன். சிஎஸ்வி (கமாவால் பிரித்த பட்டியல்) கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்து சேமித்தாலும் அதே கதிதான், ஜாக்கிரதை.

லயத்துப் பையன், தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காக வருகிறதா?

லயத்துப் பையன்:
முதலில் வரவில்லை அண்ணே. என் மடிக்கணினியில் நன்றாக இருந்தது, கோயில் கம்ப்யூட்டரில் எல்லாம் கேள்விக்குறி. அது பழைய விண்டோஸ், அதில் ஜாவா 8. தமிழ் உட்பட எல்லா எழுத்தையும் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறை தானாக வருவது ஜாவா 18இலிருந்துதானாம். கோப்பு எழுதும் படிக்கும் இடத்திலெல்லாம் யுடிஎஃப்-8 என்று கையாலேயே எழுதிவிட்டேன். பெயர் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று போட்டதும் சிக்கல், "தமிழ்" என்ற சொல்லுக்கே ஜாவா ஐந்து என்று எண்ணுகிறது, புள்ளியும் இகரக் குறியும் தனித்தனிக் கணக்கு. அந்த வரம்பை எடுத்தே விட்டேன். தாத்தா இப்போது தன் பெயரில் றகரமா ரகரமா என்று தகராறு செய்கிறார், அதற்கு ஜேஷெல் உதவாது.