தங்கை மகன் லெக் ஸ்பின் போடுகிறான்: பந்தைத் தூக்கிப் போடுவதா, தட்டிப் போடுவதா?

முளகுமூடு மாமன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை மகனுக்கு அடுத்த மாதம் 15 வயது நிறைகிறது. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லாரையும் போல இவனும் ரப்பர் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் மண் திட்டில் டென்னிஸ் பந்தை வேகமாக எறிந்துகொண்டிருந்தவன்தான். மூன்று வருடங்களுக்கு முன்பு யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே மணிக்கட்டைத் திருப்பி லெக் ஸ்பின், அதாவது வலது கை மட்டையாளரை விட்டு வெளியே திரும்பும் சுழல், போட ஆரம்பித்தான், பிறகு அதை விடவில்லை. வலது கை மோதிர விரலின் கணுவில் தோல் தடித்துக் காய்ப்புக் காய்ச்சிவிட்டது. தங்கை இரவில் தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே திட்டுகிறாள்.

சென்ற விடுமுறையில் மாவட்டத்துக்குள் ஆடிய 9 ஆட்டங்களில், எல்லாம் கயிற்றுப் பாய் விரித்த பிட்ச்சில், 21 விக்கெட் எடுத்தான். அந்தத் தெம்பில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு புல் பிட்ச்சில் ஆட அழைத்துப்போனேன். 4 ஓவரில் 47 ரன் கொடுத்தான். அங்கிருந்த பயிற்சியாளர் ஒருவர், பந்தை மேலே தூக்குவதை விட்டுவிட்டு வேகமாகத் தட்டிப் போட்டால்தான் இருபது ஓவர் ஆட்டத்தில் விலை போவான் என்று சொல்லிவிட்டார். நாகர்கோவில் வந்து இறங்கும்வரை பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து தட்டித்தான் போடுகிறான், பந்தும் திரும்புவதில்லை.

பயிற்சியாளர் சொல்வதைக் கேட்பதா, பழையபடியே விடுவதா? அப்படியே விட்டால் இந்த மாவட்டத்திலிருந்து ஒரு லெக் ஸ்பின்னர் எவ்வளவு தூரம் போக முடியும்? மைத்துனர் டெம்போ ஓட்டுகிறார், ஆகவே செலவையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பழைய கீப்பர், நாகர்கோவில்:

அண்ணாச்சிக்கு வணக்கம். நான் பதினெட்டு வருடம் இந்த மாவட்டத்துப் பாய் பிட்ச்சுகளில் விக்கெட் கீப்பராக நின்றவன். பாயில் விழுந்த பந்து பிடித்துத் திரும்பும், நெஞ்சுக்கு எகிறும். கொஞ்சம் குட்டையாக விழுந்த பந்தைக்கூட மட்டையாளர் மேலே அடிக்கப்போய்க் கேட்ச் கொடுப்பார். உங்கள் பையனின் 21 விக்கெட்டில் பாதியாவது அப்படிக் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அதே நீளத்தில் புல் பிட்ச்சில் போட்டால் பந்து இடுப்புக்கு வந்து உட்காரும். மிட் விக்கெட்டுக்கு மேல் தூக்கி அடிப்பதற்கு அதைவிட வசதியான பந்து கிடையாது. எனவே அந்த 47 ரன்னுக்குக் காரணம் பந்து மேலே போனது என்பதை நான் ஏற்கவில்லை. அது முக்கால் கெஜம் முன்னதாகக் கீழே விழுந்திருக்கும், அவ்வளவுதான். வேகத்தைக் கூட்டினாலும் குட்டைப் பந்து குட்டைப் பந்துதான், பவுண்டரிக்கு இன்னும் சீக்கிரம் போய்ச் சேரும்.

இந்த வயதில் விக்கெட் கணக்கைப் பார்த்து லெக் ஸ்பின்னரை எடைபோடக் கூடாது. நான் பார்ப்பது மூன்று விஷயம். முதலாவது, கையை விட்டு வெளிவரும்போது பந்து எவ்வளவு சுற்றுகிறது என்பது. பழைய லெதர் பந்து ஒன்றை எடுத்து, தையலுக்கு ஒரு பக்கம் மட்டும் வெள்ளை பெயின்ட் அடித்துக் கொடுங்கள். நீங்கள் ஸ்டம்புக்குப் பின்னால் நின்று பாருங்கள். சுற்று நன்றாக இருந்தால் சிவப்பும் வெள்ளையும் பிரிந்து, நடுவில் தையல் ஒரு கோடாக ஸ்லிப் பக்கம் சாய்ந்து நிற்கும். பந்து தள்ளாடினால் இரண்டு நிறமும் கலங்கித் தெரியும். காதையும் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகச் சுற்றும் பந்து காற்றில் ஒரு சீற்றத்தோடு வரும், அந்தச் சத்தம் கீப்பருக்குக் கேட்கும். இரண்டாவது, கையை விடும் நேரத்தில் தலை எங்கே இருக்கிறது என்பது. பெரும்பாலான பையன்கள் இடது கையைச் சீக்கிரம் கீழே இழுத்துத் தலையை இடப்பக்கம் சாய்ப்பார்கள், அதனால்தான் பந்து குட்டையாக விழுகிறது. மூன்றாவது, சிக்ஸர் வாங்கிய பிறகு அடுத்த பந்தை எப்படிப் போடுகிறான் என்பது. இதை வலையில் கண்டுபிடிக்க முடியாது.

சுற்று இருந்தால் வேகத்தை 18 வயதில் சேர்த்துக்கொள்ளலாம். சுற்றை இழந்துவிட்டு 18 வயதில் தேடினால் கிடைக்காது. அனில் கும்ப்ளே வேகமாகப் போட்டு டெஸ்டில் 619 விக்கெட் எடுத்தார் என்று யாராவது கிளம்புவார்கள். அது அவருடைய உயரத்துக்கும் உடலுக்கும் இயல்பாக வந்த பந்துவீச்சு.

நம் மாநிலத்துக் கதை ஒன்றையும் பையனிடம் சொல்லுங்கள். லெக் ஸ்பின்னர் லட்சுமண் சிவராமகிருஷ்ணன் 1983-ல் 17 வயதில் மேற்கிந்தியத் தீவுகளில் டெஸ்ட் ஆட இறங்கினார். 1984-ல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 12 விக்கெட் எடுத்தார். 1986 ஜனவரியில், 20 வயது நிறைந்த சில நாட்களில், கடைசி டெஸ்டையும் ஆடி முடித்துவிட்டார். மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். அவருக்கு முன்பு வி. வி. குமார் முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட் எடுத்தவர், ஆனால் ஆடிய டெஸ்ட் இரண்டே இரண்டு. இன்னொரு பக்கம் ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வார்ன் 1992-ல் சிட்னியில் நமக்கு எதிராக ஆடிய முதல் டெஸ்டில் 150 ரன் கொடுத்து ஒரே ஒரு விக்கெட் எடுத்தார். பின்னர் 708 டெஸ்ட் விக்கெட்டில் போய் நின்றார். இந்தத் தொழிலில் முதல் கணக்கு பெரும்பாலும் பொய்க்கணக்கு. உங்கள் பையனின் 21-க்கும் அது பொருந்தும், 47-க்கும் பொருந்தும்.

ஆரல்வாய்மொழிக் காற்று:

கீப்பர் அண்ணன் எழுதியதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். அவர் சொல்லும் கதைகளில் வரும் பந்துவீச்சாளர்களுக்கு ஒரு நாளைக்கு 25 ஓவர் கிடைத்தது. இன்று ஒரு டெம்போ ஓட்டுநரின் மகனுக்குக் கிடைப்பது 4 ஓவர், அதில் இரண்டாவது ஓவரில் 15 ரன் போனால் கேப்டன் அடுத்த ஓவரைத் தர மாட்டார். பயிற்சியாளர் விலை என்று சொன்னது காதுக்கு நன்றாக இல்லைதான், ஆனால் விலை இருப்பது உண்மை. தமிழ்நாட்டு லெக் ஸ்பின்னர் முருகன் அஸ்வின் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 2016 ஐ.பி.எல். ஏலத்தில் 4.5 கோடிக்குப் போனார். வருண் சக்கரவர்த்தி கட்டடக் கலை படித்துவிட்டு, சுழலுக்குத் தாமதமாக வந்து, 2019 ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனார். அவர் பந்தை வானத்துக்குத் தூக்குவதில்லை. 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்ததும் அந்த வேகத்தில்தான்.

இன்னும் பக்கத்தில் வேண்டுமானால் மலப்புறம் மாவட்டத்து விக்னேஷ் புத்தூரைப் பாருங்கள். ஆட்டோ ஓட்டுநரின் மகன், இடது கை மணிக்கட்டுச் சுழல். கேரளத்தின் மூத்தோர் அணிக்கு ஆடாமலேயே மும்பை அணிக்குள் வந்து, 2025 மார்ச்சில் சேப்பாக்கத்தில் முதல் ஆட்டத்திலேயே சென்னைக்கு எதிராக 3 விக்கெட் எடுத்தார்.

பழைய கீப்பர், நாகர்கோவில்:

தம்பி, விக்னேஷ் புத்தூரின் அந்த மூன்று விக்கெட்டையும் மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள். சேப்பாக்கத்தில் அவர் பந்தைக் காற்றில் விட்டுத்தான் எடுத்தார், அடிக்க ஆசை காட்டித்தான் கேட்ச் வாங்கினார். நீங்கள் கொண்டுவந்த சாட்சி என் பக்கம் பேசுகிறது.

ஆனால் நான்கு ஓவர் பற்றிய உங்கள் பேச்சுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. பையனின் உண்மையான ஆபத்து அதுதான். ஓவர் கிடைக்காத லெக் ஸ்பின்னர் வளர முடியாது. டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டுகளுக்குப் போவதை ஒரு வருடம் நிறுத்திவையுங்கள் என்றுகூடச் சொல்வேன். ஆறு ஓவர் ஆட்டத்தில் கிடைக்கும் கோப்பையும் ஆட்டுக்கிடாயும் அடுத்த வருடமும் அங்கேயேதான் இருக்கும்.

உங்கள் பெயரைப் பார்த்ததும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும்போது, தோவாளைப் பக்கம் எல்லாப் பையன்களும் காற்றுக்கு முதுகு காட்டிப் பந்து போடத்தான் போட்டி போடுவார்கள். லெக் ஸ்பின்னர் எதிர்முனையைக் கேட்டு வாங்க வேண்டும். நன்றாகச் சுற்றும் லெக் பிரேக் எதிர்காற்றில் முதலில் வலது கை மட்டையாளரின் காலை நோக்கி மிதந்து உள்ளே வரும், எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே சட்டென்று இறங்கும், பிறகு வெளியே திரும்பும். காசு கொடுத்தாலும் சென்னையில் இந்தக் காற்று கிடைக்காது.

உடற்கல்வி ஆசிரியர், குழித்துறை:

இருவரும் பந்தைப் பற்றி எழுதிவிட்டீர்கள், நான் வழியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

16 வயதுக்கு உட்பட்டோருக்கான விஜய் மெர்ச்சன்ட் கோப்பைக்கு உங்கள் பையனுக்கு அதிகம் போனால் ஒரு பருவம்தான் மிச்சம் இருக்கிறது. மாவட்ட அணித் தேர்வு, அங்கிருந்து மாநிலத் தேர்வு என்று போக வேண்டும். இந்தப் பிரிவில் எலும்பு வயதைப் பார்க்க மணிக்கட்டை எக்ஸ்ரே எடுப்பார்கள், ஆகவே பிறப்புச் சான்றிதழும் பள்ளிப் பதிவும் ஆதாரும் ஒரே தேதியைச் சொல்கின்றனவா என்று இப்போதே சரிபாருங்கள். ஓர் எழுத்தோ ஒரு தேதியோ மாறியிருந்ததால் தேர்வு நாளன்று அழுதுகொண்டே திரும்பிய பையன்களை நான் பேருந்து நிலையத்தில் தேற்றியிருக்கிறேன். இந்தக் கோப்பை தவறினாலும் ஒன்றும் முழுகிப்போகாது. 19 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் இன்னும் பல வருடங்கள் இருக்கின்றன. அதில் வினூ மன்கட் கோப்பை ஒருநாள் ஆட்டம், கூச் பெஹார் கோப்பை நான்கு நாள் ஆட்டம். கீப்பர் கேட்கும் ஓவர்கள் இந்த இரண்டாவதில்தான் கிடைக்கும்.

பள்ளிப் படிப்பை முடித்த பிறகுதான் சென்னையைப் பற்றி யோசிக்க வேண்டும். பாளையம்பட்டி ராஜா கேடயத்துக்கான முதல் டிவிஷன் லீகில் ஏதாவது ஓர் அணியில் இடம் பிடிக்காமல் மாநில அணியின் கண்ணில் படுவது கடினம். அதற்காகப் பத்தாம் வகுப்பிலேயே பையனைச் சென்னையில் விடுதியில் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மாதாமாதம் போகும் பணத்தை நினைத்துப் பையன் ஒவ்வொரு ஓவரையும் பயந்துகொண்டே போடுவான். திருவனந்தபுரம் நமக்குச் சென்னையைவிட எவ்வளவோ பக்கம், பயிற்சிக்குப் போய்வரலாம். ஆனால் அந்த மாநிலத்துக்கு ஆடுவது பதிவும் ஆவணமும் சம்பந்தப்பட்ட வேறு காரியம். இரண்டு தோணியில் கால் வைக்க வேண்டாம்.

செலவைக் கேட்டீர்கள். ஒரு நல்ல ஸ்பைக்ஸ் ஷூவும் மாதம் இரண்டு முறை புல் பிட்ச்சில் ஆடப் போய்வரும் பேருந்துச் செலவும்தான் இப்போதைக்கு அவசியம். அகாடமிக் கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டாம். நமக்கு ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, பாதி வருடம் மைதானம் சேறாகவே கிடக்கும். அந்த நாட்களில் வீட்டுத் திண்ணையில் நின்று பத்தடி தூரத்தில் இருக்கும் ஒருவரிடம் மணிக்கட்டை மட்டும் சுழற்றிப் பந்தைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். ஆனால் கூக்ளியை, அதாவது லெக் பிரேக் போலத் தெரிந்து எதிர்ப்பக்கம் திரும்பும் பந்தை, குறைவாகவே பழகட்டும். கூக்ளியில் ருசி கண்ட பையன்களுக்கு மணிக்கட்டு அந்தப் பக்கமே படிந்துபோய் லெக் பிரேக் வராமல் போகும். தோள் வலிக்கிறது என்று சொன்னால் அன்றே நிறுத்திவிட வேண்டும், தைலம் தடவிக்கொண்டு போடக் கூடாது.

கடைசியாக ஒன்று, இதை யாரும் எழுதவில்லை. பையன் மட்டை பிடிப்பானா? எட்டாவது இடத்தில் இறங்கி 25 ரன் எடுக்கும் லெக் ஸ்பின்னருக்கு மோசமான நாளுக்குப் பிறகும் அடுத்த ஆட்டத்தில் இடம் இருக்கும்.

முளகுமூடு மாமன்:

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பந்துக்குப் பாதி வெள்ளை அடித்தேன். தட்டிப் போட்டபோது இரண்டு நிறமும் கலந்து ரோஸ் நிறமாகத் தெரிந்தது. பழையபடி போடச் சொன்னேன். நாலைந்து பந்துக்குப் பிறகு தையல் கோடாக நின்றதை நானே பார்த்தேன். என் கண்ணுக்கே தெரிந்ததால் பையனுக்கு அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு புல் பிட்ச்சில் ஒரு மணி நேரம் கிடைத்தது. மட்டையாளரின் கிரீஸிலிருந்து மூன்று மீட்டர் முன்னால் ஒரு துவர்த்தை (துண்டை) விரித்துப் போட்டு, 60 பந்து போடச் சொல்லி எண்ணினேன். துவர்த்தில் விழுந்தவை 14. குட்டையாக விழுந்தவை 31, அதில் முக்கால்வாசி, கீப்பர் சொன்னது போலத் தலை சாய்ந்தபோது விழுந்தவை. மிச்சம் ஃபுல் டாஸும் வைடும்.

மட்டையைப் பற்றி ஆசிரியர் கேட்டிருந்தார். கடைசி ஆளாக இறங்குபவன், மட்டையே சொந்தமாகக் கிடையாது. மைத்துனரிடம் சொன்னேன். ஷூவை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மட்டை வாங்கலாமா என்று கேட்கிறார். எது முதலில் வேண்டும் என்று ஆசிரியர் ஒரு வரி எழுதினால் போதும்.

உடற்கல்வி ஆசிரியர், குழித்துறை:

ஷூ முதலில். முன்கால் வழுக்கினால் தலை சாயத்தான் செய்யும். மட்டைக்குப் பள்ளியில் கேளுங்கள், அவர்களிடம் இல்லாவிட்டால் என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது, கைப்பிடி மட்டும் மாற்ற வேண்டும்.