காத்துப்பை தொங்கினா குதிச்சிடலாமா?

தேவகோட்டையான்: நேத்து கோட்டையூர் ராசா இங்க எழுதினது: "நம்ம செட்டிநாட்டுல உலகப்போர்க் காலத்து ஓடுதளம் சும்மா கிடக்கு. வருஷம் முழுக்க ஸ்கைடைவிங், அதான் விமானத்துல இருந்து பாராசூட்டோட குதிக்கிறது, நடத்தலாம். காத்தோட திசையும் வேகமும் தெரிய ஓரத்துல கட்டுற துணிக் காத்துப்பை தொங்கினா குதிச்சிட வேண்டியதுதான்." படிச்சதும் காபி புரையேறிடுச்சு. சித்திரை மதியம் காத்துப்பை செத்த பாம்பாத்தான் தொங்கும். சாயங்காலம் கடற்காத்து உள்ள ஏறி வந்து வெக்கையோட மோதினா, கொஞ்ச நேரத்துல மேகம் கோபுரமா எழும்பிடும். 20 கிலோமீட்டர் தள்ளி இடிமழை கொட்டினாலும், அதோட குளிர்காத்து மழைக்கு முன்னாடியே இங்க வந்து அறையும்.

கோட்டையூர் ராசா: இடிமேகம் வந்தா தெரியாதா, நாங்க என்ன குருடா? பை தொங்குதுன்னா காத்து இல்லை. அவ்வளவுதான்.

தேவகோட்டையான்: கிளம்பும்போது இல்லை, சரி. குதிக்கிறவங்களை ஏத்திக்கிட்டு செஸ்னா 182 மாதிரி சின்ன விமானம் பத்தாயிரம் அடி ஏற 20 நிமிஷத்துக்கு மேல ஆகும். 40 டிகிரி வெயில்ல காத்து லேசாகி, நம்ம தரையே சுமார் 3,000 அடி உசரத்துல இருக்கிற மாதிரி விமானம் திணறும், இன்னும் இழுக்கும். அப்புறம் பாராசூட்ல அஞ்சு நிமிஷம். அத்தனை நேரமும் உங்க பை தொங்கிக்கிட்டே இருக்குமா? அமெரிக்க பாராசூட் சங்கம் மாணவர்களுக்கு வச்சிருக்கிற வரம்பே தரையில மணிக்கு 14 மைல் காத்துதான்.

கோட்டையூர் ராசா: வந்துட்டார் அமெரிக்கா அமெரிக்கான்னு. தொங்கினா காத்து இல்லைங்கிறதுக்கு இன்னும் பதில் வரலை.

பள்ளத்தூர் மருமகன்: அண்ணே, அது செட்டிநாடு ஓடுதளமா, காரைக்குடி ஓடுதளமா? பேரை ஒழுங்காச் சொல்லிட்டுச் சண்டை போடுங்க.

தேவகோட்டையான்: மருமகனே, கொஞ்சம் பொறுங்க. மேகம் தரையை மறைச்சா என்ன ஆகும்னு யாரும் வாயே திறக்கலை. 1967 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல 18 பேர் மேகத்துக்கு மேல 20,000 அடியில குதிச்சாங்க. கீழே ஓடுதளம்னு நம்பி இறங்கினா, ஈரி ஏரி. 16 பேர் மூழ்கிட்டாங்க. தரை கண்ணுல படலைன்னா கதவைத் திறக்கக் கூடாது.

கோட்டையூர் ராசா: இங்க எங்கய்யா ஏரி? கண்மாயே வத்திக் கிடக்கு!

தேவகோட்டையான்: மேகம்னு சொன்னா ஏரியைப் பிடிச்சுக்கிறார். ஆத்தங்குடிக் கல்லு விவாதத்துலயும் இதே கூத்துதான். சிமெண்டுப் பூக்கல்லைச் சுட்ட ஓடுன்னு சாதிச்சவர்தானே?

கோட்டையூர் ராசா: அதை எதுக்கு இப்ப இழுக்கிறீங்க? அன்னிக்கு என் பதிவை நீக்கச் சொல்லி எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும்.

புதுவயல் பேரன்: ராசா அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. காலையில ஆறு மணிக்குக் குதிச்சா என்ன?

தேவகோட்டையான்: காலையில சரி, நான் எப்ப வேண்டாம்னேன்? "வருஷம் முழுக்க"ன்னாரே, ஐப்பசி அடைமழையிலும் ஆறு மணிக்கு ஏத்துவாரா? ஆடியில அந்தப் பை தொங்காது தம்பி, பிச்சுக்கிட்டுப் போயிடும்.

கோட்டையூர் ராசா: பிச்சுக்கிட்டுப் போனா குதிக்க மாட்டோம். தொங்கினா குதிப்போம். நான் சொன்னதும் அதேதான்.

பள்ளத்தூர் மருமகன்: இன்னும் யாரும் பேரைச் சொல்லலை.