டெபியன் 12-க்கு மாறியபோது பழைய பேக்கேஜ்கள் படுத்திய பாடு: உங்கள் அனுபவம்?

பீன்யாவாசி
பெங்களூர் பீன்யாவில் ஓர் உதிரிபாகக் கிடங்கு. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை 11-லிருந்து 12-க்கு ஏற்றியாயிற்று, எல்லாம் ஓடுகிறது. வழக்கொழிந்த மென்பொருள் பேக்கேஜ்களை மொத்தமாகப் பர்ஜ் செய்ய, அதாவது அடியோடு நீக்க, கட்டளை கொடுத்துவிட்டுத் தம்பி காபி குடிக்கப் போய்விட்டான். தற்செயலாகத் திரும்பினேன்: நீலத் திரை. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 13-ஆம் பதிப்பினுடைய தரவுக் கோப்பகங்களையும் அழிக்கவா என்று கேட்கிறது. 'ஆம்' மீது சிவப்புப் பட்டை தயாராக நிற்கிறது! ஒரு என்டர் போதும், கிடங்கின் இருப்புக் கணக்கு முழுவதும் போயிருக்கும். புதிய போஸ்ட்கிரெஸ் 15 பக்கத்திலேயே காலியாக ஓடிக்கொண்டிருந்தது. 'இல்லை' என்றேன், தரவு பிழைத்தது. ஆனால் போஸ்ட்கிரெஸ் 13 அதற்குள் நீங்கிவிட்டது. டெபியன் 11-ன் களஞ்சியத்தை (பேக்கேஜ்களை இறக்கும் இடம்) திரும்பச் சேர்த்துத்தான் நிறுவ வேண்டியிருந்தது.

அல்சூர் ஏரிக்கரை
வழக்கொழிந்தவை என்றால் பழையவை என்று யார் சொன்னது? இப்போதைய களஞ்சியம் எதிலும் இல்லாத எல்லாமே அந்தப் பட்டியலில் வரும். சிவாஜிநகர் துணிக்கடை ஒன்றில் கையால் நிறுவிய பார்கோடு பிரிண்டர் டிரைவர் அப்படித்தான் காணாமல் போயிற்று. ரம்ஜான் நெருக்கடியில் கடைக்காரம்மா பில்லைப் பேனாவால் எழுதிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

நிதானம்
எனக்கும் போஸ்ட்கிரெஸில்தான் நடந்தது, விடுங்கள். இனிமேல் செய்பவர்களுக்கு: ஏற்றுவதற்கு முன்பே பிஜி டம்ப்ஆல் கொண்டு முழு நகல் எடுத்து வேறு இயந்திரத்தில் வையுங்கள். வெளிக் களஞ்சியங்களை முடக்குங்கள். ஏற்றிய பிறகு, தானாக உருவான போஸ்ட்கிரெஸ் 15-ன் கிளஸ்டர் (தரவுத்தளத் தொகுதி) காலிதான் என்று உறுதிசெய்துகொண்டு அதை நீக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த கட்டளை முரண்டு பிடிக்கும். பிறகு தரவைப் புதிய பதிப்புக்கு மாற்றும் பிஜி அப்கிரேட்கிளஸ்டரை போஸ்ட்கிரெஸ் 13-ன் மீது ஓட்டுங்கள். சில நாள் வேலை நடக்கட்டும், அதன் பிறகு 13-ஐ நீக்கலாம். பர்ஜ் செய்யுமுன் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். டெபியன் 11-லிருந்து நேரே டெபியன் 13-க்குத் தாவாதீர்கள், டெபியன் அதை ஆதரிப்பதில்லை.

பீன்யாவாசி
ஐயா, கேட்டது அனுபவம்.

ஒயிட்ஃபீல்ட் மாமா
எல்லாரும் நீக்கியதால் வந்த வினையையே சொல்கிறீர்கள். எங்கள் அலுவலகத்தில் நீக்காததுதான் வினை. பைத்தான் என்ற நிரல்மொழியின் 2-ஆம் பதிப்புக்கு ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது, டெபியன் 12-ல் அது கிடையாது. ஆனால் மேம்படுத்திய இயந்திரத்தில் பழைய பிரதி அப்படியே தங்கி வருகைப்பதிவு ஸ்கிரிப்டை ஓட்டிக்கொண்டிருந்தது. புது இயந்திரத்துக்கு மாறிய அன்று காலை அது நின்றது. சம்பளப் பட்டியலில் அத்தனை பேருக்கும் 'வரவில்லை' என்று விழுந்தது. வழக்கொழிந்தவற்றின் பட்டியலை டெபியன் 12-க்கு ஏற்றிய அன்றே பார்த்திருந்தால் ஸ்கிரிப்டை மாற்ற அவகாசம் கிடைத்திருக்கும். நிதானம் தம்பி இதற்கும் ஒரு வழி வைத்திருப்பார்.